கனடா போகத் துடிக்கும் மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதமும் ஆலோசகர் கொடுத்த காகிதக் கட்டும் வந்து சேர்ந்தன. 35 சதவீதம் என்று வருகிற இடத்திலெல்லாம் பச்சை மையில் கோடு இழுத்திருக்கிறாய். கோடு இழுத்திருக்க வேண்டிய வாக்கியம் அடுத்த பக்கத்தில் பொடி எழுத்தில் கிடக்கிறது. அதன் பக்கம் உன் பேனா போகவே இல்லை. பள்ளிக்கூடத்திலும் உனக்கு இதே பழக்கம்தான். கேள்வியைப் பாதி படித்ததுமே பதில் எழுதத் தொடங்கிவிடுவாய்.

சோலார் பம்புக்குச் சொந்தமாக ஒரு கண்ட்ரோலர் உருவாக்க வேண்டும், அந்த ஆர் அண்ட் டி வேலையை டொரோன்டோவில் வைத்தால் செலவில் மூன்றில் ஒரு பங்கை அந்த நாட்டு அரசே திருப்பித் தருகிறது, மச்சான் தயங்குகிறார், நான் ஒரு வார்த்தை சொன்னால் சம்மதிப்பார் என்று எழுதியிருக்கிறாய். சொல்கிறேன். நீ எதிர்பார்க்கிற வார்த்தையாக இருக்காது, பொறுமையாகப் படி.

ஆலோசகர் பொய் சொல்லவில்லை. அந்தத் திட்டம் 1980களிலிருந்து நடக்கிறது. அங்கே இருப்பவர்கள் ஷ்ரெட் என்பார்கள். ஒரு கம்பெனி தன் காசைப் போட்டு ஆய்வு செய்தால், அதில் ஒரு பங்கை வருமான வரிக் கணக்கின் வழியே கனடாவின் மத்திய அரசு கொடுத்துவிடும். ஆய்வு செய்கிற ஆட்களுக்கு 10 லட்சம் டாலர் சம்பளம் கொடுத்தாய் என்று வை. வாடகை, மின்சாரம், அலுவலகச் செலவுக்கெல்லாம் தனித்தனியாக ரசீது காட்ட வேண்டாம். சம்பளத்தில் 55 சதவீதத்தை மேல்செலவாக எடுத்துக்கொள்ள ஒரு முறை இருக்கிறது. ஆக, கணக்கில் நிற்பது 15.5 லட்சம். அதில் 35 சதவீதம், சுமார் 5 லட்சத்து 40 ஆயிரம் டாலர். அந்த வருஷம் கம்பெனி ஒரு டாலர்கூட லாபம் பார்க்காவிட்டாலும் காசோலை வரும். மாகாணம் தருவது தனி. பணம் புரளாத சின்னக் கம்பெனிக்கு இது எவ்வளவு பெரிய ஆதரவு என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நெடுங்காலமாக ஆண்டுக்கு 30 லட்சம் டாலர் செலவு வரைதான் இந்த விகிதம். அந்த வரம்பை 60 லட்சமாக்கும் அறிவிப்பு 2025 பட்ஜெட்டில் வந்தது.

இப்போது அந்தப் பொடி எழுத்து. இந்த 35 சதவீதம், கனடியர் கட்டுப்பாட்டில் இருக்கிற கம்பெனிக்குத்தான். கோயம்புத்தூர் கம்பெனி அங்கே போய்த் திறக்கிற துணைக் கம்பெனி, சட்டப்படி வெளிநாட்டவர் கையில் இருப்பது. அதற்கு 15 சதவீதம்தான். அதையும் கையில் கொடுக்க மாட்டார்கள், கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். இதே 15.5 லட்சத்துக்கு சுமார் 2 லட்சத்து 32 ஆயிரம் டாலர் கிரெடிட் என்று கணக்கில் இருக்கும். ஆனால் உன் டொரோன்டோ ஆபீஸ் எதை விற்று லாபம் பார்க்கப் போகிறது? இங்கிருந்து தாய்க் கம்பெனி செலவைக் கொடுத்து, மேலே 10 சதவீதம் சேர்த்துத் தரும். செலவு 12 லட்சம் என்றால் லாபம் 1 லட்சத்து 20 ஆயிரம். அதற்கு மத்திய வரி 15 சதவீதம், 18 ஆயிரம் டாலர். அந்த வருஷம் நீ அனுபவிக்க முடிந்தது அந்த 18 ஆயிரம்தான். மீதியை 20 வருஷம் வரை முன்னால் எடுத்துப் போகலாம். 5 லட்சத்து 40 ஆயிரத்தை நினைத்துக்கொண்டு விமானம் ஏறுகிறவன் 18 ஆயிரத்தோடு இறங்குகிற இடம் இதுதான், மாப்பிள்ளை.

நீ உடனே என்ன யோசிப்பாய் என்று எனக்குத் தெரியும். ஸ்கார்பரோவில் பெரியப்பா மகன் இருக்கிறான், குடியுரிமையும் வாங்கிவிட்டான், அவன் பெயரில் 51 சதவீதப் பங்கை எழுதிவிட்டால் கம்பெனி கனடியக் கம்பெனி ஆகிவிடாதா? ஆகாது. பங்கு யார் பெயரில் இருக்கிறது என்பதோடு அந்த நாட்டுச் சட்டம் நிற்பதில்லை. கடிவாளம் உண்மையில் யார் கையில், பணம் யார் தருகிறார், பிற்பாடு பங்கை வாங்கிக்கொள்ளும் உரிமையை யார் வைத்திருக்கிறார் என்றெல்லாம் பார்க்கும். ஒருவேளை எல்லாம் ஒழுங்காக அவன் கைக்கே போய்விட்டால், அப்போது அங்கே பிறக்கிற கண்ட்ரோலரும் அவனுடையது. மச்சான் முப்பது வருஷம் ஃபவுண்டரிப் புகையில் நின்று சேர்த்த பணத்தில் பிறக்கிற தொழில்நுட்பத்தை, சலுகைக்காக இன்னொருவர் பெயரில் எழுதுவாயா? அந்தப் பையன் தங்கமானவன்தான். சொந்தக்காரர்களுக்குள் இப்படி எழுதி வைத்துவிட்டுப் பிற்பாடு பேச்சுவார்த்தை அற்றுப்போன குடும்பங்களை நீயும் பார்த்திருக்கிறாய்.

"சரி மாமா, கனடா வேண்டாம், வேறு எந்த நாடு மலிவு?" என்று அடுத்த கடிதம் வரும். அதையும் இப்போதே பேசிவிடுவோம்.

நாடுகளை ஒப்பிட ஒரு அளவுகோல் இருக்கிறது. 1983இல் மெக்ஃபெட்ரிட்ஜ், வார்டா என்ற இருவர் கனடாவில் உருவாக்கியது, பி-இண்டெக்ஸ் என்று பெயர். ஆய்வில் 100 ரூபாய் போட்டால், அது கட்டுப்படியாக வரிக்கு முன் எவ்வளவு சம்பாதிக்க வேண்டும் என்பதுதான் அது. சலுகை எதுவும் இல்லாமல், செலவை அந்த வருஷமே கழித்துக்கொள்ளலாம் என்றால் 100 சம்பாதிக்க வேண்டும். வரி 25 சதவீதமும் கிரெடிட் 30 சதவீதமுமாக இருந்தால்? 100 செலவில் வரி வழியாக 25, கிரெடிட்டாக 30 போய், உன் கையிலிருந்து போவது 45. அந்த 45ஐ மீட்க 60 சம்பாதித்தால் போதும். பிரான்சின் திட்டம் ஏறக்குறைய இந்த வடிவம்தான். 10 கோடி யூரோ செலவு வரைக்கும் 30 சதவீதம். ஆஸ்திரேலியாவில் ஆண்டு விற்றுமுதல் 2 கோடி டாலருக்குள் இருக்கிற கம்பெனிக்கு 43.5 சதவீதம் வரை ரொக்கமாகவே வரும். புது மருந்தை முதன்முதலாக மனிதர்களிடம் சோதிக்கிற கட்டத்துக்கு அமெரிக்கச் சிறு கம்பெனிகள் மெல்பர்னுக்கும் சிட்னிக்கும் போவதில் இதற்குப் பங்குண்டு. அயர்லாந்தும் சிங்கப்பூரும் சமீப வருஷங்களில் தாராளத்தைக் கூட்டியிருக்கின்றன.

இந்தப் பட்டியலைப் பார்த்ததும் நீ ஒரு எக்செல் ஷீட் போட்டு, இண்டெக்ஸ் குறைவாக உள்ள நாட்டை முதல் வரிசையில் ஏற்றிவிடுவாய். அங்கேதான் பிசகுவாய். அந்த அளவுகோலுக்குத் தெரிந்தது வரி மட்டும். எஞ்சினியர் சம்பளம் அதற்குத் தெரியாது, நாணய மாற்றும் தெரியாது. 2002 தொடக்கத்தில் ஒரு கனடிய டாலர் 62 அமெரிக்க சென்ட். அந்தக் கணக்கைப் பார்த்து அங்கே ஆபீஸ் திறந்த அமெரிக்கக் கம்பெனிக்கு, லட்சம் கனடிய டாலர் சம்பளக்காரர் 62 ஆயிரம் டாலருக்குக் கிடைத்தார். 2007 செப்டம்பரில் இரண்டு டாலரும் சமம். அதே ஆள், அதே மேஜை, செலவு லட்சம் டாலர். எந்தச் சட்டத்திலும் ஒரு எழுத்து மாறவில்லை.

சட்டம் மாறினாலோ கதை இன்னும் மோசம். அமெரிக்கா தன் ஆய்வுக் கிரெடிட்டை 1981இல் கொண்டுவந்தது, தற்காலிகமாக. காலாவதியாவதும் நீட்டிப்பதுமாகவே இழுத்து, 2015 டிசம்பரில்தான் நிரந்தரமாக்கினார்கள். நிம்மதி வந்தது என்று பார்த்தால் 2022லிருந்து இன்னொரு இடி. ஆய்வுச் செலவை அந்த வருஷமே கழிக்கக் கூடாது, உள்நாட்டில் செய்தால் 5 வருஷம், வெளிநாட்டில் செய்தால் 15 வருஷம் பரப்பிக் கழிக்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. சம்பளம் கொடுத்துக் காலியான கம்பெனி, கையில் இல்லாத லாபத்துக்கு வரி கட்டியது. 2025 ஜூலையில் உள்நாட்டு ஆய்வுக்கு மட்டும் அதை நீக்கினார்கள். வெளிநாட்டு ஆய்வுக்கு அந்த 15 வருஷம் இன்னும் நிற்கிறது. நம் ஊரை மட்டும் விடுவானேன்? அங்கீகரிக்கப்பட்ட சொந்த ஆய்வுக்கூடத்தில் 100 ரூபாய் செலவிட்டால் 200 ரூபாயாகக் கழித்துக்கொள்ளலாம் என்று இருந்தது. 2017 ஏப்ரலில் 150 ஆனது. 2020 ஏப்ரலில் வெறும் 100. குறைந்த வரி விகிதத்தைத் தேர்ந்தெடுத்த கம்பெனிகளுக்கு அந்தக் கழிவுக்கான சட்டப் பிரிவே கிடையாது. மச்சான் எதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்று ஆடிட்டரிடம் கேள். ஒரு கண்ட்ரோலர் உருப்பட மூன்று, நான்கு வருஷம் பிடிக்கும். சலுகையின் ஆயுளோ பட்ஜெட்டுக்கு பட்ஜெட்.

"அப்படியானால் இந்தச் சலுகையெல்லாம் வெறும் வேடிக்கையா?" இல்லை. அவசரப்பட்டு அந்தப் பக்கமும் சாய்ந்துவிடாதே. புளூம், கிரிஃபித், வான் ரீனன் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் ஒன்பது நாடுகளின் 1979 முதல் 1997 வரையான கணக்கைப் புரட்டி 2002இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆய்வின் அடக்கவிலை 10 சதவீதம் குறைந்தால், உடனடியாக ஆய்வு 1 சதவீதம்தான் கூடுகிறது. நீண்ட காலத்தில் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது. ஆக, பலன் உண்டு, மெதுவாக வரும். கூல்ஸ்பீ என்பவர் 1998இல் இன்னொரு பக்கத்தைக் காட்டினார். அரசு ஆய்வுக்குக் கொட்டுகிற பணத்தில் கணிசமான பங்கு விஞ்ஞானிகள், எஞ்சினியர்களின் சம்பள உயர்வாகப் போய்விடுகிறது. வேலை தெரிந்த ஆட்களின் எண்ணிக்கை ஒரே வருஷத்தில் பெருகாதே, அவர்களை இழுக்கிற போட்டிதானே பெருகும்? எல்லோருக்கும் கிடைக்கிற சலுகையில் ஒரு பாதி நீ கொடுக்கிற சம்பளத்திலேயே கரைந்துவிடும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடு.

கனடாவுக்கே இது தெரியும். உலகத்திலேயே தாராளமான திட்டங்களில் ஒன்றை வைத்துக்கொண்டும், அந்த நாட்டுக் கம்பெனிகள் ஆய்வில் போடுகிற பணம் மற்ற பணக்கார நாடுகளைவிடக் குறைவாகவே இருந்து வருகிறது. அரசு ஒரு குழு போட்டது. ஓபன்டெக்ஸ்ட் கம்பெனியின் டாம் ஜென்கின்ஸ் தலைவர். அந்தத் திட்டத்தை எளிமையாக்கி, அதில் மிச்சமாகும் பணத்தை நேரடி உதவிக்குத் திருப்புங்கள் என்று 2011இல் அந்தக் குழு சொன்னது.

நார்டெல் கதை உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் இப்போது தெரிந்துகொள். கனடாவிலேயே ஆய்வுக்கு அதிகம் செலவழித்த கம்பெனி, ஒட்டாவாவில் பெரிய ஆய்வுக்கூடம், ஆப்டிக்கல் ஃபைபர் தொலைத்தொடர்பில் உலகத்துக்கே முன்னோடி. 2009 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. 2011இல் அதன் சுமார் 6,000 காப்புரிமைகள் ஏலத்துக்கு வந்தன. 450 கோடி அமெரிக்க டாலருக்கு எடுத்த கூட்டணியில் ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், சோனி, எரிக்சன் எல்லாம் இருந்தன. கனடாக் கம்பெனியான ரிம் அதில் ஒரு பங்காளி, அவ்வளவே. செலவைப் பகிர்ந்துகொண்டது ஒரு நாடு, பிறந்ததைக் கொண்டுபோனது வேறு கைகள். இஸ்ரேல் இதில் உஷார். அரசு மானியம் வாங்கிப் பிறந்த தொழில்நுட்பத்தை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக அனுமதி வேண்டும். பல சமயம் வாங்கிய மானியத்தின் பல மடங்கைத் திருப்பிக் கட்ட வேண்டும். ஆகவே எந்த நாட்டுச் சலுகையைப் பார்த்தாலும் முதலில் நீ கேட்க வேண்டியது, பிறக்கிற அறிவு யாருடையது என்பதை. எவ்வளவு திரும்ப வரும் என்பதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

பெரிய கம்பெனிகள் எதற்காக ஒரு ஊருக்குப் போகின்றன என்று பார். 1974இல் இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் டிசைன் மையத்தை ஹைஃபாவில் திறந்தது. காரணம் டோவ் ஃப்ரோமன் என்கிற ஒரு ஆள். அழித்து எழுதக்கூடிய மெமரி சிப்பைக் கண்டுபிடித்தவர், ஊருக்குத் திரும்ப ஆசைப்பட்டார். அவரை விட இன்டெலுக்கு மனமில்லை. டொரோன்டோவையே எடுத்துக்கொள். ஜெஃப்ரி ஹிண்டன் 1987இல் அங்கே போய்ச் சேர்ந்தார். நியூரல் நெட்வொர்க் என்றால் மற்றவர்கள் முகம் சுளித்த காலத்திலும் விடாமல் மாணவர்களைத் தயாரித்தார். 2012இல் அவரும் இரண்டு மாணவர்களும் செய்த வேலை உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது. அடுத்த ஆண்டே அவர்களுடைய சின்னக் கம்பெனியை கூகுள் வாங்கிவிட்டது. 2018இல் சாம்சங்கும் எல்.ஜி.யும் அந்த ஊரில் ஏ.ஐ. ஆய்வுக்கூடம் திறந்தன. அந்த மாணவர் கூட்டம் இல்லாவிட்டால், வரிச் சலுகை மட்டும் அவர்களை அங்கே கொண்டுவந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

உன் கேள்வி எங்கே இருக்கிறது, மாப்பிள்ளை? பல்லடம் பக்கம் ஆயிரம் அடி போர்வெல்லுக்குள் இருக்கிறது. மேகம் மறைத்ததும் மோட்டார் துவண்டுவிடாமல், மணல் கலந்த தண்ணீர் வந்தாலும் எரிந்துவிடாமல், தண்ணீர் வற்றியதும் தானாக நிற்கிற கண்ட்ரோலர் உனக்கு வேண்டும். அதைச் சோதிக்கத் தேவையான வெயிலும் போர்வெல்லும், அதைக் கழற்றிப் பார்த்து "இங்கே சூடாகுதுங்க" என்று சொல்கிற வைண்டிங்காரரும் உன் வீட்டைச் சுற்றி இருக்கிறார்கள். டொரோன்டோவில் ஜனவரி மாதம் எந்த வயலில் அதை மாட்டுவாய்? ஆடித் தள்ளுபடி என்பதற்காக அளவு சேராத சட்டையை யாரும் எடுப்பதில்லையே.

"இங்கே நல்ல ஆள் நிற்க மாட்டேன் என்கிறானே, பயிற்சி கொடுத்ததும் ஓடிவிடுகிறானே" என்பாய். அது நியாயமான பயம். 1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பெங்களூருக்கு வந்ததிலிருந்து தொடங்கிய வெளிநாட்டுக் கம்பெனிகளின் வரவு, 2024இல் 1,700க்கும் மேற்பட்ட மையங்களாகவும் 19 லட்சம் வேலைகளாகவும் நிற்கிறது. பாஷ் கம்பெனியின் பெரிய மையம் உன் ஊரிலேயே இருக்கிறது. எம்பெடட் சாஃப்ட்வேர் தெரிந்தவருக்கு அவர்கள் கொடுப்பதை உன்னால் கொடுக்க முடியாது. ஆனால் அங்கே அவர் ஒரு பெரிய யந்திரத்தின் ஏதோ ஒரு மூலையை மட்டும் எழுதுகிறார். உன்னிடம் முழு கண்ட்ரோலரும் அவருடையது; வயலில் ஓடுவதைக் கண்ணால் பார்ப்பார். அப்படிப்பட்ட வேலைக்கு நிற்கிற ஆட்கள் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். கனடா ஆபீஸில் ஒருவருக்குக் கொடுக்கப் போகிற சம்பளத்தில் பாதியை இங்கே ஒருவருக்குக் கொடுத்துப் பார், அப்புறம் ஓடுகிறாரா என்று சொல். மச்சானிடம் இதைச் சொல்லும்போது பக்கத்தில் அக்காவை உட்கார வைத்துக்கொள். அக்கா சொன்னால் கேட்பார்.

கடைசியாக, உன்னைக் கொஞ்சம் திட்ட வேண்டியிருக்கிறது. உன் பட்ஜெட்டில் புது கேட்டலாக் டிசைன், பழைய பேட்டர்ன்களை மாற்றுவது, ஐ.எஸ்.ஐ. சோதனைக் கட்டணம் எல்லாவற்றையும் ஆய்வு என்று எழுதியிருக்கிறாய். எந்த நாட்டு வரி அதிகாரியும் இதை ஒத்துக்கொள்ள மாட்டார். தெரிந்த வழியில் விடை கிடைக்காத ஒரு தொழில்நுட்பச் சந்தேகம் இருக்க வேண்டும், அதைத் தீர்க்க ஒழுங்காகச் சோதனை செய்திருக்க வேண்டும், தோற்ற சோதனையும் சேர்த்து அன்றன்று எழுதி வைத்திருக்க வேண்டும். பிரிட்டனில் 2020-21 ஆண்டுக்குக் கொடுத்த ஆய்வுச் சலுகைத் தொகையில் 16.7 சதவீதம், 113 கோடி பவுண்டு, தவறாகவோ மோசடியாகவோ போனது என்று அவர்கள் வரித்துறையே கணக்குச் சொன்னது. அதன்பின் பிடியை இறுக்கினார்கள். ஒழுங்காகச் செய்தவர்களும் சேர்ந்து அவதிப்பட்டார்கள். கோரிக்கை எழுதிக்கொடுக்கும் ஆலோசகர்கள் பலர் கிடைக்கிற தொகையில் பங்கு கேட்பவர்கள். தொகை பெருத்தால் அவருக்கும் லாபம். நாலு வருஷம் கழித்து அதிகாரி வந்தால் உட்கார்ந்து பதில் சொல்வது நீ.

எனவே அந்த ஆலோசகருக்கு இன்றே எழுது. தாய்க் கம்பெனி இந்தியாவில் இருக்கும் நிலையில் எந்த விகிதம் பொருந்தும், அதில் ரொக்கமாக வருவது எவ்வளவு, காப்புரிமை யார் பெயரில் நிற்கும். இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் கேள், வாய்ப்பேச்சில் வேண்டாம். நம் அரசு ஒரு லட்சம் கோடி ரூபாயில் ஆய்வு நிதி ஒன்றை 2025 ஜூலையில் அங்கீகரித்தது. குறைந்த வட்டியில் அல்லது வட்டியே இல்லாமல் நீண்ட காலக் கடன் என்பது அதன் ஏற்பாடு. உன் அளவுள்ள கம்பெனிக்கு அதில் இடம் இருக்கிறதா என்று ஆடிட்டர் பார்க்கட்டும். என்றாவது குளிர் நாட்டுக்கு பம்பு விற்க நினைத்தால், உறையும் தண்ணீரில் சோதிக்க கனடாவில் ஒரு பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் போடலாம். அதற்கு ஆபீஸ் தேவையில்லை.

மச்சானோடு ஞாயிற்றுக்கிழமை பேசுகிறேன். அதற்குள் கண்ட்ரோலர் இப்போது எந்த இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது, இதுவரை எத்தனை போர்டு எரிந்தது, எதனால் என்று ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பு. பச்சை மை வேண்டாம், எனக்குக் கண் கூசுகிறது.

அன்புடன்,
உன் மாமா